மாதிரி எண் நாற்பத்தொன்று

டூபென்டோர்ஃபில் நவம்பர்.
கண்ணாடிக்கு வெளியே கிளாட் ஆறு
மூடுபனிக்குள் தன்பாட்டில் போகிறது.
உள்ளே, மேசையில், அறுபது குப்பிகள்.
மடகஸ்காரிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தவை.
அறுபது பள்ளிக்கூடங்களின் கிணறுகள்
ஒரு ஷூப் பெட்டிக்குள்.

என் வேலை எளிது.
ஒரு துளியை இயந்திரத்துக்குக் கொடுத்தால்
அது மலை மலையாய் வரைந்து காட்டும்.
குளோரைட் ஒரு மலை, சல்பேட் ஒரு மலை,
நடுவில் நைட்ரேட்.
அது உயர உயர
கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவே
எத்தனை முழம் குறைவு என்று
நேரில் போகாமலே ஊகித்துவிடலாம்.
(ஆட்டுப்பட்டியாகவும் இருக்கலாம்.
பள்ளிக்கூடத்துக்குள் ஆடுகள் குறைவு.)

பன்னிரண்டு: நூற்றுப்பத்து.
பதின்மூன்று: தொண்ணூற்றாறு.
ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது விதி.
இருபத்தேழில் மலை தாளை விட்டே வெளியேறியது.
பத்து மடங்கு நீர்த்துத் திரும்ப ஓட்டினேன்.
அந்தப் பிள்ளைகள் இப்படி நீர்த்துக் குடிக்க
எந்த நீரை எடுப்பார்கள்?
படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

நாற்பத்தொன்று: இரண்டு.

வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன்.
தனியே, வெள்ளை மேலங்கியோடு,
ஒரு கிணறு தப்பிவிட்டது என்று.
பிறகுதான் அந்த மலைவரிசையை
எங்கேயோ பார்த்த ஞாபகம்.
போன வருடம் ஒப்பிடுவதற்காக ஓட்டியது,
அந்த நாட்டுக் கடைகளில் விற்கும் போத்தல் தண்ணீர்.
அச்சொட்டாய் அதே கைரேகை.

ரேத்தோ எட்டிப் பார்த்தான்.
"ஏமாற்று. தள்ளிவிடு."
அவன் கெட்டவனில்லை. சொன்னதும் பிழையில்லை.

படிவத்தைத் தேடி எடுத்தேன்.
எடுத்தவர்: லலாவ் ரசாஃபி, ஆசிரியை.
பிள்ளைகள்: இருநூற்றுப் பன்னிரண்டு.
மலசலகூடம்: ஒன்று. கதவு: இல்லை.
குறிப்பு என்ற இடத்தில், நீல மையில்,
வளைத்து வளைத்துப் பிரெஞ்சில்:
"இவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.
நல்ல தண்ணீராகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன்."

மாதிரி கேட்டோம்.
என் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை.
அதிலேயே ஒரு துண்டும் மாதிரிதான்,
அதைப் போல ஒன்றும் மாதிரிதான்.
அவள் இரண்டையும் விட்டுவிட்டு
வந்தவர்க்கு நீட்டுவதை நீட்டியிருக்கிறாள்,
விருந்தாளிக்குக் கலங்கலைக் கொடுக்காத கை.
அந்தப் போத்தலுக்கு என்ன விலை கொடுத்தாளோ.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
"உங்கள் மாதிரி ஏற்கப்படவில்லை."
அழித்தேன்.
"கிணற்று நீரை மட்டும் அனுப்பவும்."
அழித்தேன்.
"பிள்ளைகள் குடிப்பதை அனுப்புங்கள்."
வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்,
அதட்டுவது போல் இருந்தது.

எழுந்து கழிப்பறைக்குப் போனேன்.
கதவைச் சாத்த, பூட்டில் சிவப்பு விழுந்தது.
கை காட்டியதும் குழாய் திறந்தது,
யார் என்ன என்று கேளாமல்.
இருநூற்றுப் பன்னிரண்டில் பாதி
பெண்பிள்ளைகளாக இருக்கும்.
கதவில்லாத அந்த ஒன்றுக்கு
அவர்கள் எப்போது போவார்கள்,
எத்தனை மணிக்கு, யாரைக் காவல் வைத்து.
போகாமலே இருக்கத்தான்
தண்ணீர் குடிக்காமல் இருப்பார்களோ.

மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது.
சப்பாத்தோடு சரிவில் இறங்கினேன்.
சுத்திகரித்த எங்கள் நகரத்துக் கழிவு
ஆற்றில் சேரும் குழாய்வாய்க்குக் கீழே,
இருந்த இடத்திலிருந்தே,
ஒரு குப்பி முகந்தேன்.
விரல் விறைத்தது. திரும்பி வந்து ஓட்டினேன்.
பதினெட்டு.

"அன்புள்ள ரசாஃபி அம்மையாருக்கு,
உங்கள் நல்ல தண்ணீர் கிடைத்தது, நன்றி.
இரண்டு குப்பிகள் அனுப்புகிறேன்.
வெறுமையாய் வருவது உங்கள் கிணற்றுக்கு.
மற்றது எங்கள் ஆறு.
எங்களிடமிருந்து இறங்குவதும் அதில் இருக்கிறது.
முதலில் எங்களுடையதைப் பாருங்கள்."

தபாலுக்குக் கட்டும்போது ரேத்தோ
ஒன்றும் கேட்கவில்லை.
ஒட்டுத்தாள் சுருளை மட்டும் தள்ளிவைத்தான்.
ஆற்றுக் குப்பியின்மேல்
பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்:
குடிக்க வேண்டாம்.